விழுந்த மரத்துக்கு உடையவர் யார்?

அப்புத்தளை காற்றின் ஊர். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே, மலைமுதுகின் குறுகிய விளிம்பொன்றில் இவ்வூர் அமர்ந்திருக்கிறது. கடைவீதியில் நின்று ஒருபுறம் நோக்கினால் தென்புலத்துச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். மறுபுறம் நோக்கினால் ஊவாவின் மலைகள் அடுக்கடுக்காய் எழும். இரண்டு வெளிகளுக்கும் இடையிலுள்ள வாயில் போன்றது இவ்விடம். ஆண்டின் நடுவில் கச்சான் காற்று இவ்வாயிலில் வந்து மோதுகிறது. ஆண்டின் இறுதியில் வாடையுடன் பெருமழை வருகிறது. முன்னது மரத்தை ஆட்டி வேரைத் தளர்த்துகிறது. பின்னது வேர் பற்றி நின்ற மண்ணைக் கரைக்கிறது. இரண்டுக்கும் தப்பி நிற்கும் மரங்கள் பல. தப்பாமல் விழும் மரங்களும் ஆண்டுதோறும் உண்டு.

மரம் விழுதல் இயற்கை. ஆனால் அது விழும் இடத்தில் ஒரு கூரை இருந்துவிட்டால், இயற்கையின் காரியம் அத்துடன் முடிந்து மனிதரின் காரியம் தொடங்கிவிடுகிறது. உடைந்ததற்கு ஈடு செய்ய வேண்டியவர் யார்? மரத்துக்கு உடையவரா? காற்றுக்கு உடையவரான கடவுளா? காக்கை இருக்கப் பனம்பழம் விழுந்தது என்று ஊரார் சொல்வர். காக்கையைக் குற்றம் சொல்வதா, பழத்தின் பழுத்த காம்பைக் குற்றம் சொல்வதா என்பதே நீதிமன்றங்கள் நெடுங்காலமாய்க் கேட்டுவரும் கேள்வியும் ஆகும்.

இக்கேள்வி மிகப் பழையது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உரோமர் வகுத்த பன்னிரு பலகைச் சட்டத்திலேயே இதற்கு இடம் இருந்தது. அயலவர் நிலத்து மரம் காற்றினால் சாய்ந்து தன் நிலத்தின்மேல் கவிந்தால், அதனை அகற்றுவிக்க ஒருவர் வழக்காடலாம் என்பது அச்சட்டத்தின் விதி. மரம் விழும்வரை காத்திருக்க வேண்டுமென்று அவர்கள் சொல்லவில்லை. சாய்ந்த நிலையே வழக்குக்குப் போதுமானதாயிருந்தது. உரோமரின் சட்டம் ஒல்லாந்தர் கைவழியாக இலங்கைக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலேயர் 1799 செப்டெம்பர் 23ஆம் திகதிப் பிரகடனத்தின் மூலம் அதனை அப்படியே நீடிக்க விட்டனர். ஒருவரின் கவனயீனத்தால் மற்றொருவருக்கு நேரும் நட்டம் இன்றும் இந்நாட்டில் உரோம-ஒல்லாந்தச் சட்டத்தின் கோல் கொண்டே அளக்கப்படுகிறது.

அந்தக் கோல் எப்படி அளக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம். அப்புத்தளைக் கடைவீதிக்குப் பின்னால், சரிவில், மேலும் கீழுமாக இரண்டு வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேல்வீட்டாரின் ஆனைக்கொய்யா மரம் ஓர் இரவு கீழ்வீட்டாரின் சமையலறைமீது விழுந்துவிடுகிறது. மரம் அவருடையது என்ற ஒரே காரணத்துக்காக மேல்வீட்டார் ஈடு செலுத்த வேண்டியவராகிவிடமாட்டார். மரம் பட்டுப்போயிருந்ததா, அடியில் காளான் பூத்திருந்ததா, தண்டு கோறையாய் இருந்ததா, பாதை வெட்டும்போது வேர் அறுபட்டதா, சில மாதங்களாகச் சாய்ந்துகொண்டே வந்ததா, கீழ்வீட்டார் முன்னரே எச்சரித்தாரா என்றெல்லாம் சட்டம் கேட்கும். இவற்றை விவேகமுள்ள எவரும் கண்டிருப்பார், கண்டபின் தக்கது செய்திருப்பார் என்றால், செய்யாது விட்டவரே பொறுப்பாளி. பசுமையாய் நின்ற நல்ல மரத்தை எவரும் எதிர்பாராத சூறாவளி பிடுங்கி எறிந்ததென்றால் அது தெய்வச் செயல். நட்டம் பட்டவர் பட்டதுதான்.

இலண்டனில் வெளித்தோற்றத்துக்கு நலமாய் நின்ற எல்ம் மரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்த மோட்டார்க் கார்மீது விழுந்தது. 1950இல் அவ்வழக்கை விசாரித்த பிரபுக்கள் சபை, வேரின் நோய் வெளியே தெரியவில்லை என்ற காரணத்தால் உடையவர்மீது பொறுப்பில்லை என்று தீர்த்தது. மேற்கு அவுஸ்திரேலியாவிலோ வேறொரு முடிவு ஏற்பட்டது. 1961இல் அங்கே ரெட்கம் என்னும் பெருமரம் இடி விழுந்து பற்றிக்கொண்டது. நிலத்துக்கு உடையவர் அதனை வெட்டிச் சாய்த்தார்; ஆனால் நெருப்பை அணைக்காமல் தானே எரிந்து தணியட்டும் என்று விட்டுவிட்டார். காற்று எழுந்தது; அயலவர் நிலங்களுக்குத் தீ பரவியது. 1966இல் பிரிவுக் கவுன்சில் அவரைப் பொறுப்பாளியாக்கியது. ஆபத்தை உண்டாக்கியது இயற்கையேயாயினும், அதை அறிந்தபின் தன் வசதிக்கு இயன்றதைச் செய்யும் கடமை நிலத்துக்கு உடையவருக்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். அக்காலத்தில் இலங்கையின் இறுதி மேன்முறையீடுகளும் அந்த மன்றத்துக்கே சென்றன என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

இவ்வளவும் நியாயமாகவே தோன்றுகிறது. மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போவர். ஊர்ப்பெரியவர் முன்னிலையில் பேசி ஒரு தொகைக்கு இணங்குவர். இணங்காவிடில் நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் இந்த நியாயம் முழுவதும் ஓர் அத்திவாரத்தின்மேல் நிற்கிறது. நடுவே ஒரு வேலி. வேலிக்கு இருபுறமும் இரண்டு பேர். இரண்டு பேர் பெட்டியிலும் காணி உறுதி. இந்த அத்திவாரம் கடைவீதியோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து தம்பேதென்னைப் பாதையிலோ, பண்டாரவளைப் பாதையிலோ, பெரகலைப் பக்கமோ சிறிது தூரம் நடந்தால் தேயிலை தொடங்கும். தேயிலை தொடங்கும் இடத்தில் அயலவர் என்ற சொல்லுக்கே பொருள் மாறிவிடுகிறது.

லயத்தை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி கொண்ட காம்பராக்கள் முதுகோடு முதுகாகவும் தோளோடு தோளாகவும் ஒட்டிய நீண்ட கட்டிடம். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய மேடையில் அது நிற்கிறது. மேடைக்கு மேலே வெட்டுக்கரை, கரைமேல் மரங்கள். தோட்டத்தார் சவுக்கு என்று சொல்லும் கிரெவிலியா, டர்பன்டைன் என்று சொல்லும் யூக்கலிப்டஸ், இவை இரண்டுமே அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. தேயிலைக்கு நிழலும் காற்றுத்தடுப்பும் வேண்டும், தொழிற்சாலை அடுப்புக்கு விறகு வேண்டும் என்று துரைமார் நட்டவை. வெட்டுக்கரையின் விளிம்பில் நிற்கும் மரத்துக்கு ஒருபுறம் வேர் ஓட இடமில்லை. கான் வெட்டும்போது மிஞ்சிய வேரும் அறுபடும். பக்கத்து மரங்களை விற்பனைக்கு வெட்டிவிட்டால், கூட்டமாய் நின்று காற்றைத் தாங்கிய மரம் தனியாய் நின்று தாங்க வேண்டிவரும். அது விழுவதற்கு இடமும் ஒன்றுதான் இருக்கிறது. அது லயத்தின் கூரை.

இப்போது சட்டத்தின் கேள்வியை இங்கே கேட்போம். மரம் யாருடையது? தோட்டத்துடையது. கூரை யாருடையது? அதுவும் தோட்டத்துடையதே. தொமஸ் லிப்டன் 1890இல் தம்பேதென்னையை வாங்கிய காலத்தில் வெள்ளைக்காரர் கையிலிருந்த மலைகள், 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியத் தோட்டக் கம்பனிகளிடம் குத்தகை முறையில் கைமாறியது. இத்தனை கைமாற்றங்களிலும் ஒரு கைக்கு மட்டும் எதுவும் வந்து சேரவில்லை. அது கொழுந்து பறித்த கை. ஆகவே மரம் கூரையில் விழும்போது, சட்டத்தின் கண்ணுக்கு ஓர் உடைமையாளரின் பொருள் அதே உடைமையாளரின் பொருள்மேல் விழுந்திருக்கிறது. தன் வலக்கை தன் இடக்கையை அடித்ததற்கு எவரும் வழக்காடுவதில்லை அல்லவா? கூரைக்கும் மரத்துக்கும் நடுவே உறங்கிக்கொண்டிருந்த குடும்பம் அந்தக் கணக்கில் வருவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி இரண்டு வாரமாய்ப் பாடசாலைக்கு வரவில்லை. ஒரு சனிக்கிழமை அவள் லயத்துக்குச் சென்று பார்த்தோம். காம்பராவின் பாதிக் கூரை இருந்த இடத்தில் நீலத் தறப்பாள் ஒன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. மேட்டில் நின்ற டர்பன்டைன் மரம் சரிந்துவருவதை லயத்தார் இரண்டு முறை மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தனர். மரம் விழுந்த இரவு வீட்டார் அனைவரும் மாரியம்மன் கோயில் பஜனைக்குப் போயிருந்தமையால் உயிர்கள் பிழைத்தன. பிழைக்காதவை ஓர் அலுமாரி, தாய் பகுதிநேரமாய்த் தைத்துச் சம்பாதித்த தையல் இயந்திரம், மாதத்துக்கென வாங்கி வைத்திருந்த அரிசி, எம் மாணவியின் புத்தகங்கள் முழுவதும்.

மூன்றாம் நாள் தோட்டத்திலிருந்து ஆட்கள் வாள் இயந்திரத்துடன் வந்தார்களாம். மரத்தைத் துண்டுபோட்டு, அளந்து, எண்ணி, லொறியில் ஏற்றிக்கொண்டு சென்றுவிட்டார்களாம். கூரைத்தகடு எப்போது வரும் என்று கேட்டதற்கு, இது இயற்கை அனர்த்தம், தோட்டத்துக்குப் பொறுப்பில்லை என்று விடை கிடைத்ததாம்.

“மரத்த அவுங்களே வெட்டிக் கொண்டு போயிட்டாங்க சேர். எங்களுக்கு ஓட்ட மட்டுந்தான் மிச்சம்” என்றார் அந்தத் தாய்.

அவ்வம்மையார் சட்டம் பயின்றவர் அல்லர். ஆனால் இவ்விடயத்தில் சொல்ல வேண்டியது அனைத்தும் அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிட்டது. மரம் காசாகும்போது அதற்கு உடையவர் உண்டு, அளவுகோல் உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு. அதே மரம் ஒரு குடும்பத்தின் தலைமேல் விழும்போது அதற்கு உடையவர் இல்லை, காற்றுத்தான் உண்டு. காம்பராவின் பின்புறம் ஒரு சிறு சாய்ப்பு இறக்கிக் கட்ட முனைந்தால், இது தோட்டத்துக் கட்டிடம், கை வைக்காதே என்று தடுக்க ஆள் வருவார். அதே கட்டிடத்தின் கூரை உடைந்தால், குடியிருப்பவரே பார்த்துக்கொள்ள வேண்டும். உடைமை இலாபத்தின்போது விழித்திருந்து நட்டத்தின்போது உறங்கிவிடுகிறது.

அந்தக் குடும்பத்துக்காக நாம் நான்கு கடிதங்கள் எழுதினோம். ஓர் அலுவலகம், தோட்டக் காணி ஆகையால் தோட்டத்திடம் கேளுங்கள் என்றது. இன்னோர் அலுவலகம், தனியார் நிர்வாகத்தில் உள்ள இடத்தில் எம் பணத்தைச் செலவிட முடியாது என்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் அத்தகைய தடை நெடுங்காலம் இருந்தது உண்மையே. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபை, அவர்கள் லயத்துக்கு ஒரு விளக்குப் போடவும் தயங்க வேண்டியிருந்தது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தோட்டங்களிலும் பணியாற்ற வழி திறக்கப்பட்டது. சட்டம் மாறியபின்னும் சில மேசைகளில் பழைய விடையே கிடைக்கிறது. மூன்றாவது அலுவலகம் உதவிப் படிவம் ஒன்றைத் தந்தது. அதில் ‘வீட்டின் உரிமையாளர் பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. “இதுல என்னா எழுதணும் சேர்?” என்று அத்தாய் கேட்டார். அவருடைய பாட்டி பிறந்ததும் அந்தக் காம்பராவில்தான். நாம் ‘குடியிருப்பவர்’ என்று எழுதி, அடைப்புக்குள் அவர் பெயரைக் குறித்தோம். படிவம் முழுமையற்றது என்று திரும்பி வந்தது.

இது ஒரு லயத்தின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, அப்புத்தளைக்குக் கீழே கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில் மலையே சரிந்து லயங்களை மூடியது. அந்தச் சரிவு அபாயகரமானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மரத்தைப் பற்றிய சட்டத்தின் முதற்கேள்வி, முன்னரே அறிந்திருந்தனரா என்பது. மீரியபெத்தையில் அறிந்திருந்தனர். ஆனால் அறிவு ஒரு கோப்பில் இருந்தது. ஆபத்து வேறொருவர் தலைக்குமேல் இருந்தது. தம் பெயரில் வேறொரு துண்டு நிலம் இல்லாத மக்கள் எங்கே பெயர்வர்?

நகரத்து மரமும் விழுகிறது. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பேருந்துமீது பெருமரம் ஒன்று விழுந்து ஐவர் உயிரிழந்தனர். நாடே அதிர்ந்தது, வீதியோர மரங்களைச் சோதிக்க வேண்டுமென்ற குரல் எங்கும் எழுந்தது. அது எழ வேண்டிய குரலே. லயத்து மரங்களைச் சோதிக்க அத்தகைய குரல் எழுவதில்லை என்பதே எம் கவலை. நகரத்தவருக்கும் நீதி எளிதில் கிடைத்துவிடுவதில்லை. இந்தியாவில் ராஜ்கோட்டில் 1975இல் அலுவலகம் சென்றுகொண்டிருந்த ஒருவர்மேல் சாலையோர மரம் விழுந்து அவர் இறந்தார். கீழ்மன்றங்கள் குடும்பத்துக்கு ஈடு வழங்கின. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1997இல், உச்ச நீதிமன்றம் மாநகராட்சிமீது பொறுப்பில்லை என்று அதனை மாற்றியது. எண்ணற்ற மரங்களில் எது விழும் என்று ஒரு பொதுச் சபை அறிவது எப்படி என்ற கேள்விக்கு ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் ஒரு தோட்டத்தின் லயங்களுக்கு மேலே நிற்கும் மரங்கள் எண்ணற்றவை அல்ல. விற்பனைக்காக ஒவ்வொன்றையும் எண்ணத் தெரிந்தவர்களுக்கு, ஆபத்துக்காக எண்ணுவது இயலாத காரியமா?

நிற்க. சட்டம் லயத்து மக்களை முற்றாகக் கைவிட்டுவிட்டது என்று சொல்வதும் பிழையாகும். கூரை தோட்டத்துடையதானாலும் தையல் இயந்திரம் தோட்டத்துடையது அன்று. அலுமாரியும் அரிசியும் புத்தகமும் உடைந்த கையும் காலும் குடியிருப்பவருடையவை. அவற்றுக்கு ஈடு கோரக் காணி உறுதி வேண்டியதில்லை. கவனயீனத்தை மெய்ப்பித்தால் போதும். அதற்கு முந்திய வழியும் உண்டு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 98ஆம் பிரிவு, ஒரு மரம் விழுந்து அயலில் வாழ்வோருக்கும் வழிச்செல்வோருக்கும் ஊறு செய்யக்கூடிய நிலையில் இருந்தால், அதை அகற்றவோ தாங்குகொடுக்கவோ கட்டளையிடும் அதிகாரத்தை நீதவானுக்கு அளிக்கிறது. அங்கே கேட்கப்படுவது வாழ்வோர் யார் என்பது. உடையவர் யார் என்பதன்று. பன்னிரு பலகைக் காலத்து ஞானம் இவ்வளவேனும் எம் காலம்வரை பிழைத்து வந்திருக்கிறது.

ஆனால் மெய்ப்பிப்பது எப்படி? இரண்டு முறை வாயால் சொன்ன எச்சரிக்கை காற்றோடு போயிற்று. சொன்னவர் கூலிக்கு வேலை செய்பவர். கேட்டவர் வேலை கொடுப்பவரின் ஆள். மறுநாள் பெரட்டுக் களத்தில் அவர் முகத்திலேயே விழிக்க வேண்டும். ஆகவே எழுத்து வேண்டும். மரம் நிற்கும் இடம், அது சாயும் பக்கம், அதன் கீழுள்ள காம்பரா எண்கள், திகதி, லயத்தார் பலரின் கையொப்பம், ஒரு நிழற்படம், பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டு, கையில் ஒரு பிரதி. இவ்வளவும் சேர்ந்தால், நாம் அறியவில்லை என்ற சொல்லை எதிர்த்தரப்பு எளிதில் சொல்லிவிட முடியாது. ஒருவர் தனியே எழுதினால் அவரைத் தனியே பார்த்துக்கொள்ளலாம். லயம் முழுவதும் எழுதினால் அது முடியாது. தொழிற்சங்கங்கள் சம்பள மேசையில் வாதாடுவதோடு, கச்சானுக்கு முன்னும் மாரிக்கு முன்னும் லயத்து மரங்களைப் பார்வையிட வேண்டும் என்ற நிபந்தனையையும் தோட்டங்களின்முன் வைக்க வேண்டும்.

எம் போன்ற ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு. தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதும் பயிற்சி இருக்கிறது. சுற்றுலா சென்ற அனுபவத்தை நண்பனுக்கு எழுதுக என்று கேட்கிறோம். சுற்றுலாவே போகாத பிள்ளைகள் கற்பனையில் எழுதுகின்றனர். வீட்டுக்கு மேலே சாய்ந்து நிற்கும் மரத்தைப் பற்றித் தோட்ட அதிகாரிக்கும் பிரதேச செயலாளருக்கும் எழுதுக என்று கேட்டால், கற்பனை தேவைப்படாது. அவ்வாறு கேட்கத் தொடங்கியிருக்கிறோம். ஒரு வகுப்பில் முப்பது கடிதங்கள் வந்தால், அவற்றுள் ஐந்தாறேனும் தபாலில் சேர்க்கத் தகுந்தவையாய் அமைகின்றன. பிள்ளைகள் அவற்றை வீட்டுக்கு எடுத்துச்சென்று பெற்றோரிடம் கையொப்பம் வாங்குகின்றனர். பேராதனையில் நாம் பயின்ற இலக்கணம் இதைவிட நல்ல பயனை அடைந்ததாக எமக்குத் தோன்றவில்லை.

எனினும் கடிதமும் கட்டளையும் மரத்தை அகற்றும். அடுத்த மரத்தின் கேள்வியை அகற்றமாட்டா. வேரிலுள்ள நோய் உரிமையின்மை. யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்து 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் வைத்த தேசவழமை, ஒருவர் நிலத்தில் மற்றொருவர் நட்ட மரத்திலும் நட்டவருக்குப் பங்குண்டு என்று கண்டது. மலைநாட்டிலோ, காட்டை வெட்டித் தேயிலையை நட்ட மக்களின் வழித்தோன்றல்களுக்கு அவர்கள் குடியிருக்கும் காம்பராவிலும் பங்கில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 2003ஆம் ஆண்டின் சட்டம் அக்குறையைப் பெருமளவு தீர்த்தது. நாடு கிடைத்தது, வீடு இன்னும் கிடைக்கவில்லை. 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்றும், பின்னர் 10 பேர்ச்சஸ் என்றும் திட்டங்கள் வந்தன, வீடுகள் எழுந்தும் இருக்கின்றன, அவை வரவேற்கத்தக்கவை. ஆனால் பெருந்தொகையினர் இன்றும் லயத்திலேயே வாழ்கின்றனர். வீடு கிடைத்தவரும் உறுதியைக் கையில் வாங்கும்வரை குடியிருப்பவரே, உடையவர் அல்லர்.

காணி உறுதியைப் பற்றிப் பேசும்போது, அது விற்பதற்கும் ஈடுவைத்துக் கடன் வாங்குவதற்கும் உரிய தாள் என்று மட்டும் பலர் எண்ணுகின்றனர். அதற்கு இன்னொரு பயனும் உண்டு. அது ஒருவரை அயலவராக்குகிறது. வேலிக்கு இப்புறம் நின்று, உமது மரம் என் கூரையை நோக்கிச் சாய்கிறது, அதை வெட்டும் என்று சமமாய்ச் சொல்லும் தகுதியை அது அளிக்கிறது. உரோமர் காலம் முதல் இன்றுவரை மரத்தைப் பற்றிய சட்டம் முழுவதும் அயலவருக்காக எழுதப்பட்டது. அச்சட்டத்தின் பயன் மலையக மக்களைச் சேர வேண்டுமாயின், முதலில் அவர்கள் அயலவராக வேண்டும்.

மரம் வைத்தவன் தண்ணீர் வார்ப்பான் என்பது நம் முன்னோர் மொழி. கடவுளை நினைத்து நம்பிக்கை கொள்ளச் சொன்ன மொழி அது. நாம் அதனைச் சற்றே நீட்டிச் சொல்வோம். மரம் வைத்தவனும், அதன் நிழலையும் விறகையும் விலையையும் எடுத்தவனும், அது விழும் நாளுக்கும் விடை சொல்ல வேண்டும். விளைவை எடுத்துக்கொண்டு விழுகையைக் காற்றின் கணக்கில் எழுதுவது நீதியாகாது. காற்று கணக்குப் புத்தகம் வைத்திருப்பதில்லை, தோட்டம் வைத்திருக்கிறது.